டைபூன் என்றால் வெறும் மழை

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஒன்று கேட்கிறேன். புயலுக்குப் பெயர் வைக்காத காலம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? அப்போது நமக்குத் தெரிந்ததெல்லாம் எண்தான். துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு, ஐந்தாம் எண் கூண்டு, ஏழாம் எண் கூண்டு. அந்தக் கூண்டைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நான் பார்த்ததில்லை. ஆனாலும் ரேடியோவில் அந்த எண்ணைச் சொன்னதும் பயம் மாடிப்படி ஏறி அடுப்படி வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது நான் இருக்கும் அடையாறு அடுக்குமாடியில் புயல் வருகிறது என்றால் முதல் இரண்டு நாள் பெயரைப் பற்றித்தான் பேச்சு. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அதை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று குரல் பதிவு போடுகிறார். இன்னொருவர் அது எந்த நாடு கொடுத்த பெயர், என்ன பொருள் என்று விளக்குகிறார். பெயர் அழகாக இருக்கிறதே என்று ஒரு பெண்மணி பூப்படம் அனுப்புகிறார். நான் மட்டும் பால்கனிக் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு, கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருப்பேன். அறுபது தாண்டியும் இவ்வளவு பயமா என்று கேட்கிறார்கள். எனக்குக் காற்றைவிடப் பெயர்தான் பயம். அதிலும் நம் கடலில் வழங்காத ஒரு பெயர்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர். மேலே மொட்டைமாடியை ஒட்டிய ஒன்றரை அறையில் நானும் அம்மாவும். அடுப்படிக்குக் கல்நார் தகடு போட்டிருக்கும். அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கப்பலில் இருந்தார். எஞ்சின் அறையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் வேலை. வருஷத்தில் பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அந்த இரண்டு மாதமும் அவர் சட்டையிலிருந்து எண்ணெய் வாசனை போகாது. அவர் போன பிறகு அம்மா அந்தத் தலையணை உறையை மட்டும் ஒரு வாரம் தோய்க்க மாட்டாள். அழுக்கு என்று நான் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் அறிவு.

அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். எனக்கு மாமா முறை, நான் பார்த்ததில்லை. ரங்கூனுக்குப் போன சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறியவர் ஒரு கார்த்திகை மாதத்தில் வங்கக் கடலிலேயே கப்பலோடு போய்விட்டார். சேதி வந்த நேரத்தில் அம்மா தால்ச்சாவுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாளாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். துறைமுகத்தில் கூண்டு ஏறினால் வீட்டில் தாளிப்பு கிடையாது. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கக் கூடாது. கூண்டு இறங்கும்வரை கஞ்சியும் துவையலும்தான். புயல் என்ற சொல்லையும் அம்மா வாயில் எடுக்க மாட்டாள். “கூண்டு வருதாம்” என்பாள். “கூண்டு நெல்லூர் பக்கம் போயிடுச்சாம்” என்பாள். சின்ன வயதில் கூண்டு என்பது கடலில் மிதந்து ஊர் ஊராகப் போகிற ஏதோ ஒன்று என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தா முதலில் மதராஸிலிருந்து பினாங்குக்குப் போய்வரும் கப்பலில் இருந்தார். அது வங்கக் கடலைக் குறுக்கே வெட்டிப் போகிற வழி. ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. எனக்குப் பதினோரு வயதானபோது அம்மா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தக் கடல் வாணாம். ஒலகத்துல வேற கடலே இல்லியா? எதுல வேணா போங்க. இதுல போவாதீங்க.”

அத்தா அலைந்து திரிந்து ஹாங்காங்குக்கும் ஜப்பானுக்கும் நடுவே ஓடும் ஒரு கப்பலுக்கு மாற்றிக்கொண்டார். கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா கேட்டாள், “அங்க கூண்டு ஏறாதா?”

“அங்க ஏது கூண்டு? டைபூன்னு ஒண்ணு வரும். ஒரு நாள் காத்து, ஒரு நாள் மழை. வெறும் மழைன்னு வெச்சிக்கோயேன். ஜப்பான்காரன் கொடைய விரிச்சிக்கினு வேலைக்குப் போய்க்கினே இருப்பான்.”

அம்மாவுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. கீழே போய் வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தாள். அவர் உருது பேசும் மனிதர், லஸ் பக்கம் புத்தகம் பைண்டிங் செய்யும் கடை வைத்திருந்தார். தைப்பதற்கு முன்னால் எந்தப் புத்தகமானாலும் நாலு பக்கம் படித்துவிடுவார். அதனால் எங்கள் சந்தில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று பேர்.

“புயலுக்கு நம்ம ஜனங்க தூஃபான்னு சொல்றோமே, அதும்மா டேஞ்சர். டைபூன் அது வேற ஜாதி. பேரு கொஞ்சம் ஒட்டுது, அவ்ளோதான்” என்றார்.

அவர் படித்த நாலு பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷமும் அம்மா நிம்மதியாக இருந்தாள். ஏழாம் எண் கூண்டு ஏறியிருக்கும்போது வெங்காய பக்கோடா போட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டைபூன் என்ற சொல்லைத் தெரிந்த வீட்டுப் பெண்ணின் பெயரைப் போல லேசாகச் சொல்வாள். “உங்கத்தாவுக்கு அங்க டைபூனாம், மழையில நனைஞ்சிக்கினு இருப்பாரு, தலைவலி வந்துடும்” என்று கவலைப்படுவாள். தலைவலிக்குத்தான் கவலை.

அம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. அத்தாவின் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். அம்மா சொல்லச் சொல்லப் பதிலும் நான்தான் எழுதுவேன். நீல நிற ஏரோகிராம், உங்களுக்கு நினைவிருக்கும், மடித்து ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டுவோமே. அந்தப் பசையின் இனிப்பு எனக்குப் பிடிக்கும். எழுதுவதற்கென்றே அத்தா ஒரு பேனா கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதன் மேல்பாதியில் தண்ணீர்போல ஏதோ நிரம்பியிருக்கும், அதற்குள் ஒரு குட்டிக் கப்பல். பேனாவைச் சாய்த்தால் கப்பல் மெதுவாக ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும். கே.கே. நகருக்கு வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்தது. இன்றைக்கும் அந்த மாதிரிப் பேனாவைக் கடையில் பார்த்தால் நான் கையில் எடுப்பதில்லை.

கடிதம் எழுத உட்காரும்போதெல்லாம் அம்மா ஒன்று சொல்வாள். “நான் சொல்றத மட்டும் எழுது. நீயா ஒரு எழுத்து சேக்காத.” எழுதி முடித்ததும் முழுவதையும் திரும்பப் படித்துக் காட்டச் சொல்வாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகுதான் ஒட்டலாம்.

எட்டாம் வகுப்பில் பூகோள டீச்சர் ஒருநாள் கரும்பலகையில் பெரிய சுழி ஒன்று வரைந்து நடுவில் புள்ளி வைத்தார்.

“இதுக்கு நம்மாத்துல பேரு புயல். ஜப்பான்காரனாத்துல டைபூன். அமெரிக்காக்காரனாத்துல ஹரிக்கேன்.”

ஹரிக்கேன் என்றதும் வகுப்பு முழுக்கச் சிரிப்பு. எல்லார் வீட்டு ஆணியிலும் ஒரு அரிக்கேன் விளக்கு தொங்கிய காலம் அது. நான் சிரிக்கவில்லை. கையைத் தூக்கினேன்.

“டீச்சர், டைபூன்னா வெறும் மழைதானே?”

“யாரு சொன்னா?”

“எங்கத்தா டீச்சர். அவங்க அந்தக் கடல்லதான் கப்பல்ல இருக்காங்க.”

டீச்சர் சாக்பீஸை மேஜைமேல் வைத்தார். “எல்லாம் ஒண்ணுதாண்டி. ஒரே சுழி, ஒரே காத்து. எந்தக் கடல்ல வர்றதோ அந்தக் கடல்காரா ஒரு பேரு வெச்சுண்டிருக்கா. நெஜத்தைச் சொன்னா அந்தண்டைதான் ஜாஸ்தி வர்றது.” என் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. “ஒக்காரு. கப்பலெல்லாம் பெரிசு” என்றார்.

பெரிய கப்பலோடுதான் மாமா போனார் என்று அவருக்குத் தெரியாது. நான் உட்கார்ந்தேன். மணி அடிக்கும்வரை அந்தச் சுழியின் நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தா பொய் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அவருக்கே தெரியாது, தெரியாமல் போய் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். யாராவது போய்ச் சொல்ல வேண்டுமே என்று தவித்தேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா கருவாட்டுக் குழம்புக்குத் தாளித்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வேன்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியும். சோறு இறங்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு. அந்த அம்மா திரும்பி வந்துவிடுவாள். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பல நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் சந்து முனையில் நின்று, தந்திக்காரர் சைக்கிள் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன்.

அந்த நிலையில் அத்தாவின் கடிதம் வந்தது. ஒப்பந்தக் கெடு முடிகிறதாம். அடுத்து ஹாங்காங் போனதும் அவர் இறங்கிக்கொள்ளலாம், சிங்கப்பூர் போய் அங்கிருந்து பயணிக் கப்பலில் மதராஸ் வந்துவிடலாம். கம்பெனியோ இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறது. ‘உன் இஷ்டம். நீ எழுதுகிறபடி செய்கிறேன்’ என்று அம்மாவுக்கு எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: ‘இங்கே இந்த மாதம் டைபூன் சற்று அதிகம். துணி காயவில்லை.’

“பாவம், துணி காயலியாம்” என்று அம்மா சிரித்தாள். நான் கடிதத்தை மடித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் தொழுகை முடித்து அம்மா பதில் சொல்ல உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தேன். வழக்கமான நலம் விசாரிப்பு முடிந்தது.

“எழுதிக்கோ. நீங்க இப்ப வராதீங்க. ஐப்பசியும் கார்த்தியும் இங்க நல்லால்ல. கூண்டு ஏறுற மாசத்துல அந்தக் கடலத் தாண்டி வர வாணாம். இன்னும் ஆறு மாசம் அந்தப் பக்கமே இருங்க. அங்க இருந்தா எனக்குப் பயமில்ல.”

பேனாவுக்குள் கப்பல் ஒரு முனையில் போய் நின்றது. அம்மா கண்ணை மூடியிருந்தாள். அவரை அங்கேயே இரு என்று என் கையால் எழுத என்னால் முடியவில்லை. எழுதினால் நானே பிடித்துத் தள்ளினதாக ஆகிவிடும் என்று தோன்றியது. எழுதினேன்: ‘நீங்கள் உடனே வந்துவிடுங்கள். அங்கே இருக்க வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது.’

“படி” என்றாள் அம்மா.

நான் படித்தேன். கண் ஒன்றைப் பார்த்தது, வாய் வேறொன்றைப் படித்தது. நீங்கள் இப்போது வர வேண்டாம், ஐப்பசியும் கார்த்திகையும் இங்கே நன்றாக இல்லை... குரல் நடுங்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். அம்மா தலையை ஆட்டினாள். ஓரத்தை நனைத்து ஒட்டினேன். பசை அன்றைக்கு இனிக்கவில்லை. தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, அது உள்ளே விழுகிற சத்தம் கேட்டபோது எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. அத்தாவைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நம்பினேன்.

அந்தக் கெட்டிக்காரத்தனம் பத்து நாள் தாங்கியது. பதினோராவது நாள் பூகோள வகுப்பில் சுவரில் உலகப் படத்தைத் தொங்கவிட்டார்கள். ஹாங்காங் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அங்கிருந்து சிங்கப்பூருக்குக் கண்ணாலேயே போனேன். சிங்கப்பூரிலிருந்து மதராஸுக்கு வர வேண்டும். நடுவில் நீலமாக, பெரிய எழுத்தில் வங்காள விரிகுடா என்று போட்டிருந்தது. மாமா போன கடல். மாதம் கார்த்திகை. அம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. ஒரு சுழியிலிருந்து அவரை எடுத்து இன்னொரு சுழியில் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று படித்துக்கொண்டவளும் நான்தான்.

இன்னொரு கடிதம் எழுதினால் போய்ச் சேருவதற்குள் அவர் கிளம்பியிருப்பார். யாரிடமும் சொல்ல முடியாது. வீட்டில் இருந்தது நானும் அம்மாவும் மட்டும்தானே. தொழுகைப் பாயில் உட்கார்ந்து, அத்தா என் கடிதத்தை நம்பாமல் அங்கேயே இருக்க வேண்டும் என்று துவா கேட்பேன். உடனே அங்கே டைபூன் இருக்கிறதே என்று ஞாபகம் வரும். அதை அழித்து, வந்துவிட வேண்டும் என்று கேட்பேன். எதைக் கேட்டாலும் பயமாக இருந்தது. கடைசியில் ஒன்றும் கேட்காமல் கையை மட்டும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அத்தாவிடமிருந்து பதில் வரவில்லை. “லெட்டர் வரலன்னா அங்கயே இருந்துக்கினாருன்னு அர்த்தம்” என்றாள் அம்மா.

முதலில் மூன்றாம் எண். மறுநாள் ஐந்து. கீழ்வீட்டு ரேடியோ சொல்வது படிக்கட்டு வழியாக எங்களுக்குக் கேட்கும். அதற்கும் மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் கிடையாது என்றார்கள். வானம் ஒருவிதமான மஞ்சளாக இருந்தது. சாந்தோம் பக்கத்திலிருந்து கடல் இரைகிற சத்தம், மற்ற நாளில் எங்கள் சந்துவரை வராத சத்தம், நிற்காமல் வந்துகொண்டிருந்தது. பகல் சோற்று வேளைக்குக் காற்று வடக்கிலிருந்து அடித்தது. மொட்டைமாடியில் இருந்த பிளாஸ்டிக் குடம் உருண்டு சுவரில் மோதி, பிறகு சுவரைத் தாண்டிப் போய்விட்டது. அடுப்படித் தகடு தூக்கித் தூக்கிப் போட்டது. ஏழாம் எண் ஏறிவிட்டது என்று வீட்டுக்காரர் கீழேயிருந்து கத்திச் சொன்னார்.

அம்மா ஸ்டவ்வைப் பற்றவைத்து அறைக்குள் கொண்டுவந்து வைத்தாள். “குளுருது, சூடா ஏதாவது போட்டுத் தரேன்” என்றாள். வாணலியில் எண்ணெயை ஊற்றி, கடுகு டப்பாவைத் திறந்தாள்.

“தாளிக்காதம்மா” என்றேன்.

“ஏன்?”

“கூண்டு ஏறியிருக்கு.”

“ஏறிட்டுப் போவுது. நம்ம ஆளா அதுல கீறாரு?” என்று கடுகைப் போட்டாள். கடுகு வெடித்தது.

“அதுலதாம்மா கீறாரு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முன்னும் பின்னுமாகத்தான் சொன்னேன். டீச்சர் சொன்னது, உலகப் படத்தில் பார்த்தது, டைபூனும் புயலும் ஒன்றுதான் என்பது, துணி காயவில்லை என்ற வரி, நான் எழுதியது, நான் படித்துக் காட்டியது. அம்மா ஸ்டவ்வை அணைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் சொன்னது ஒண்ணுகூட எழுதலியா?”

“இல்ல.”

“ரெண்டும் ஒண்ணுன்னா, ரெண்டு வருஷமா அவரு அதுலயா இருந்தாரு?”

நான் வாணலியில் கருகிக் கிடந்த கடுகைப் பார்த்தேன்.

“நான் சிரிச்சிக்கினு இருந்தேனே” என்றாள். தன்னிடமே சொல்லிக்கொள்வது மாதிரி மெதுவாகச் சொன்னாள். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அந்தக் காற்றில் கீழே இறங்கிப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். வீட்டுக்காரர் கதவுக்குக் கீழே சாக்கை அடைத்துக்கொண்டிருந்தார்.

“பாய், டைபூனும் தூஃபானும் ஒண்ணா?”

அவர் சாக்கை இன்னும் இறுக்கி அடைத்தார். “பேரு ஒட்டுதுன்னு நான் அப்பவே சொன்னேனே” என்றார்.

தகடு போனது சாயங்காலத்துக்கு முன்னால். பெரிய சத்தம் ஒன்று, அப்புறம் அடுப்படி இருந்த இடத்தில் வானம். நாங்கள் இருவரும் கீழ்வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. ஒரே ஒருமுறை மட்டும் பேசினாள். “என் தம்பியக் கப்பலுக்குப் போடான்னு சொன்னது நான்தான். இப்ப நீ.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள். தலை பின்னி விடுவாள். பேச்சு மட்டும் கிடையாது. கோபம் என்று அப்போது நினைத்தேன். வாயைத் திறந்தால் என்ன வந்துவிடுமோ என்று அவளும் பயந்துதான் இருந்தாள் என்று இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் தண்ணீரில் நடந்து கடற்கரைப் பக்கம் இருந்த கப்பல் ஆபீசுக்குப் போனோம். பயணிக் கப்பல் கடலில் இருக்கிறது, அதிலிருந்து சேதி ஒன்றும் இல்லை என்றார் ஒருவர். பயணிகள் பட்டியலைத் தேடி, விரலை வைத்து அத்தாவின் பெயரைக் காட்டினார். நான் பார்த்தேன். அம்மாவுக்காக அதைப் படித்துச் சொன்னேன். இந்தத் தடவை இருந்ததை இருந்தபடி படித்தேன். அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த இரண்டு நாளும் போனோம். அதே ஆள், அதே பதில். திரும்பி வரும்போது நான் மனசுக்குள் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வருவேன். அத்தா வராவிட்டால் அம்மாவோடு ஒரே வீட்டில் நான் எப்படி இருப்பது?

ஐந்தாம் நாள் காலையில் சந்து முனையில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. தண்ணீர் வடிந்து எங்கும் சேறு. கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு தகரப் பெட்டியைத் தலையில் வைத்து ஒருவர் வந்தார். தாடி வளர்ந்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. ஓடவில்லை, கூப்பிடவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கப்பல் இரண்டு நாள் கரைக்கு வராமல் நடுக்கடலிலேயே நின்றதாம். பிறகு நாகப்பட்டினத்தில் படகில் இறக்கிவிட்டார்களாம். அங்கிருந்து ரயிலில் எழும்பூர் வந்திருக்கிறார். கூரையில்லாத அடுப்படியைப் பார்த்துவிட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்தார். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். டம்ளரைப் பிடிக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. நான் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் கதவோரம் அம்மா நின்றாள்.

அத்தா என்னைப் பார்த்துச் சொன்னார், “லெட்டர் வந்துச்சு. எழுத்து உன்னுது, சரி. ஆனா பேச்சும் உன்னுதுதான். உங்கம்மா கார்த்தி மாசத்துல என்னைக் கூப்புடுவாளா? படிச்ச ஒடனே தெரிஞ்சிபோச்சு.”

“அப்ப ஏன் வந்தீங்க?” என்றேன். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. தெரிந்தே வந்தாரா? என்னை நான்கு நாள் இப்படித் தவிக்கவிட்டாரா?

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “கப்பல் மூக்கைக் குத்திப் பின்னாடி தூக்கும்போது அடியில சுத்துற காத்தாடி தண்ணிய வுட்டு மேல வந்துடும். அப்ப எஞ்சின் கத்தும் பாரு. நாங்க கீழ இருக்கோம், கதவை மேல மூடிட்டாங்க. மூணு டைபூன் அப்படிப் பார்த்துட்டேன். நாலாவது முடியாதுன்னு தோணிச்சு. எறங்கிக்கினு போறேன்னு சொல்ல வெக்கம். யாராவது ஒருத்தர் வான்னு எழுத மாட்டாங்களான்னு இருந்தேன். எனக்குப் பயமாருந்துச்சு.”

அத்தா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. வீட்டில் பயப்படுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைத்திருந்தேன்.

அம்மா நான்கு நாளுக்கு அப்புறம் அப்போதுதான் குரலை உயர்த்தினாள். “பயம்னா பயம்னு எனக்கு எழுத வேண்டியதுதானே? மழைன்னு சொன்னீங்க. துணி காயலன்னு எழுதினீங்க. எனக்கு ஒரு வார்த்த எழுதக் கூடாதா?”

“எழுதினா,” என்றார் அத்தா, “அவதானே படிப்பா.”

நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.